குடுமியான்மலையில் மூன்று நாள்

முதல் நாள்

புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்கு 20 கிலோமீட்டர்தான். ஆயினும் நாங்கள் ஏறிய நகரப் பேருந்து கைகாட்டிய இடமெல்லாம் நின்று நின்று வந்ததில், ஊரை அடையும்போது மாலை நான்கு மணியைத் தாண்டிவிட்டது. என்னுடன் வந்திருப்பவர் என் அக்கா. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வீணை கற்பித்து வருபவர். "குடுமியான்மலை இசைக் கல்வெட்டு" என்ற தொடரைப் பாடம் நடத்தும்போதெல்லாம் சொல்லியிருந்தும், அந்தக் கல்வெட்டைத் தாம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்ற உறுத்தல் அவருக்கு நெடுநாளாக இருந்தது. எனக்கோ இசை தெரியாது. கல்வெட்டும் கோயில் கட்டடமும்தான் ஈர்ப்பு. ஆகவே இந்தப் பயணத்தில் பார்க்கப்போகும் பாறை ஒன்றாக இருந்தாலும், பார்க்கும் கண்கள் வேறு வேறு.

பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் தென்படுவது மலைதான். கோயில் அதன் கிழக்கு அடிவாரத்தில், மலையின் மடியில் கைக்குழந்தையைப் போலச் சாய்ந்திருக்கிறது. இன்று சிகாநாதசுவாமி கோயில் என்று வழங்கும் இதற்குள் உண்மையில் இரண்டு கோயில்கள் உள்ளன. ஒன்று, பாறையைக் குடைந்து எடுத்த மேலைக்கோயில். கல்வெட்டுகளில் இதற்குத் திருமேற்றளி என்று பெயர். மற்றொன்று, அதற்குக் கிழக்கே கல்லால் எழுப்பிய பெரிய கோயில். பழைய கல்வெட்டுகள் இதைத் திருமூலட்டானம் என்கின்றன. ஊருக்கும் அக்காலத்தில் வேறு பெயர்: திருநலக்குன்றம். பின்னர் அது சிகாநல்லூர் ஆகி, இப்போது குடுமியான்மலையாக நிற்கிறது.

முன்னே ஆயிரங்கால் மண்டபம். தூண்களை எண்ணிப் பார்க்கும் ஆசை எனக்கு எப்போதும் வந்ததில்லை. 'ஆயிரம்' என்பது நம் ஊர்களில் எண்ணாக இருப்பதைவிடப் பெருமையாகவே அதிகம் இருக்கிறது. அதைக் கடந்து உள்ளே சென்றால், நாயக்கர் காலச் சிற்ப மரபில் செதுக்கிய ஆளுயரச் சிலைத் தூண்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், பத்துத் தலை இராவணன், முன்னங்கால்களைத் தூக்கிய குதிரைமீது வீரர்கள், இரதி, மன்மதன். இராவணனின் தலைகளைச் சிற்பி அடுக்கிவைத்திருக்கும் விதம் சாமர்த்தியமானது. எல்லாவற்றையும் நேர்வரிசையில் வைத்தால் தூணின் அகலம் போதாது என்பதைக் கணக்கிட்டு, சிலவற்றைப் பக்கவாட்டிலும் சிலவற்றை மேலேயும் ஏற்றியிருக்கிறார். இம்மண்டபத்தில் நிற்பவருக்கு இதுவே கோயிலின் தலையாய பகுதி என்று தோன்றிவிடும். ஆனால் காலக்கணக்கில் பார்த்தால் கோயிலின் கடைசி அத்தியாயம் இதுதான். நாம் முன்வாசல் வழியாக நுழைவதால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு போகிறோம். மண்டபங்கள், அவற்றுக்குப் பின்னே 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துத் திருப்பணி, அதற்கும் பின்னே சோழர்களும் கொடும்பாளூர் இருக்குவேளிர் குடியினரும் விளக்கெரிக்கப் பொன் கொடுத்த பழைய மூலத்தானம், எல்லாவற்றுக்கும் பின்னே மலையைக் குடைந்த குகை என்று மேற்கே நடக்க நடக்க நூற்றாண்டுகள் குறைந்துகொண்டே போகின்றன.

கருவறையில் குருக்கள் தீபத்தை உயர்த்தி, இலிங்கத்தின் உச்சியில் சிறு முடிச்சுப் போன்ற ஓர் இடத்தைக் காட்டினார். "இதுதான் சுவாமியோட குடுமி" என்று சொல்லிவிட்டு, தலபுராணத்தையும் சுருக்கமாகச் சொன்னார். சுவாமிக்குச் சாத்த வைத்திருந்த மாலையை அர்ச்சகர் ஒருவர் தம் காதலிக்குச் சூட்டிவிட, எதிர்பாராமல் அரசன் தரிசனத்துக்கு வந்துவிடுகிறான். வேறு மாலை இல்லாததால் அதையே வாங்கிச் சாத்திப் பிரசாதமாகக் கொடுக்க, அதில் ஒரு நீண்ட மயிர் இருப்பதை அரசன் காண்கிறான். "சுவாமிக்குக் குடுமி உண்டு" என்று அர்ச்சகர் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். காட்டு என்கிறான் அரசன். பக்தனைக் கைவிடாத இறைவன் இலிங்கத்தில் குடுமியோடு தோன்றிக் காப்பாற்றுகிறான். பொய் சொன்னவனுக்காகக் கடவுள் சாட்சி சொல்லும் இந்தக் கதையில் அறம் எங்கே இருக்கிறது என்று அக்கா கேட்டார். குருக்கள் சிரித்துக்கொண்டே, "தப்புப் பண்ணினவன்தானேம்மா சுவாமியைக் கூப்பிடுவான்" என்றார்.

எனக்கு இந்தப் பெயரைப் பற்றி வேறோர் எண்ணம் உண்டு. பழந்தமிழில் குடுமி என்றால் மலையுச்சி. காளத்தி மலைமேல் கண்ணப்பர் கண்டெடுத்த இறைவனையும் பெரியபுராணம் குடுமித்தேவர் என்றே சொல்கிறது. குன்றின் மேலும் குன்றைச் சார்ந்தும் உறையும் இறைவனுக்குக் குடுமியான் என்ற பெயர் இயல்பாக அமைந்திருக்கலாம். உச்சி என்ற பொருள் மக்கள் வழக்கில் மங்கிய பிறகு, தலைமயிர் என்ற பொருளே எஞ்சி, அதற்கு ஒரு கதை தேவைப்பட்டிருக்கலாம். வடமொழியில் பெயரை மாற்றியபோது 'சிகா' என்ற சொல் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்துவிட்டது. இது என் ஊகமே. குருக்களிடம் இதைச் சொல்லவில்லை. அவருடைய கதை என்னுடைய சொல்லாராய்ச்சியைவிட நன்றாகவே இருக்கிறது.

கோயிலில் அம்மன் சன்னதிகள் இரண்டு. அகிலாண்டேஸ்வரி சன்னதியில் கூட்டம் இருந்தது. மற்றொன்றில் இருக்கும் அம்மனைக் கல்வெட்டு மலையமங்கை நாச்சியார் என்று குறிக்கிறது. பாண்டியர் காலத்தில் இவளை எழுந்தருளச் செய்தவர் உமையாழ்வி நாச்சி என்ற தேவரடியார். அரசர்கள், படைத்தலைவர்கள், நாட்டார் என்று நீளும் கொடையாளர் வரிசையில், கோயிலில் ஆடியும் பாடியும் பணிசெய்த ஒரு பெண் தம் பொருளைக் கொண்டு ஒரு தெய்வத்தையே நிறுவினார் என்பதைக் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. அந்தச் சன்னதி வாசலில் நாங்கள் நின்றபோது எங்களைத் தவிர யாரும் இல்லை.

மேலைக்கோயிலுக்குப் போகும்போது கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பாறை முழுவதும் நிழல். எழுத்துகள் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறச் சொரசொரப்பைத் தவிர வேறெதுவும் புலப்படவில்லை. கிழக்கு நோக்கிய பாறை என்பதால் விடியற்காலையில் வந்தால் முகத்தில் வெயில் விழும். நன்றாகப் படிக்கலாம் என்று அக்காவுக்கு ஆறுதல் சொன்னேன். நாளை காலை முதல் வேலை அதுதான்.

இரண்டாம் நாள்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். விடியற்காலை வெயிலில் நன்றாகப் படிக்கலாம் என்றது முழுத் தவறு. ஏழு மணிக்கு வெயில் நேர் எதிரே வந்து பாறையில் அறைந்தது. பாறை பொன்னிறமாக மின்னியது. எழுத்துகளோ அடியோடு மறைந்துபோயின. கல்லில் வெட்டிய எழுத்தை நம் கண்ணுக்குக் காட்டுவது ஒளி அல்ல, குழிகளுக்குள் விழும் நிழல். நேராக விழும் ஒளி அந்தக் குழிகளின் அடிவரை நிரப்பிவிடுவதால் நிழலே இல்லாமல் போய்விடுகிறது. இவ்வளவு காலமாகக் கல்வெட்டுகளைப் பார்த்துவரும் நான் இதை மறந்ததற்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

காத்திருந்த நேரத்தில் குகையை நிதானமாகப் பார்த்தோம். கிழக்கு நோக்கிய சிறிய குடைவரை; உள்ளே கருவறை, முன்னே அர்த்தமண்டபம், இடையே கீழும் மேலும் சதுரமாக, நடுவில் பட்டை தீட்டிய கனத்த தூண்கள். கருவறையின் இலிங்கம் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்ததன்று. மலையின் கல்லிலேயே விட்டுச் செதுக்கியது. கட்டுகிறவன் கல்மேல் கல்லைச் சேர்த்துக்கொண்டு போகிறான். குடைகிறவனோ இலிங்கம் எங்கே நிற்க வேண்டும் என்பதை உளியை எடுக்கும் முன்பே முடிவுசெய்து, அதைச் சுற்றியுள்ள மலையை அகற்ற வேண்டும். ஓர் அடி தவறினால் திருப்பி வைக்க முடியாது. வாசலின் இருபுறமும் துவாரபாலகர் நிற்கிறார்கள். இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். நிலையிலும் முகபாவத்திலும் வேறுபட்டவர்கள். பிற்காலக் கோயில்களில் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல நிற்கும் துவாரபாலகர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இவர்கள் இந்த ஊரில் யாரையோ பார்த்துச் செய்தவர்கள் போலத் தோன்றுகிறார்கள்.

பத்தரை மணி வாக்கில் வெயில் மேலேறத் தொடங்கியது. பாறையின் முகத்தை ஒளி உரசிக்கொண்டு இறங்கும் கோணம் வந்ததும், முதலில் மேல்வரிகள், பிறகு நடுவரிகள் என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் 38 வரிகள். எழுத்து, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் பழைய கிரந்தம்; தமிழகத்தில் வடமொழியை எழுதப் பயன்பட்ட எழுத்து அது. தொடக்கத்தில் "சித்தம் நமசிவாய" என்ற வணக்கம். அதன்பின் ஏழு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு: மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம். நாரதீய சிட்சை என்ற வடமொழி நூல் சொல்லும் கிராமராகங்கள் என்ற பழைய இராகங்களும் இதே ஏழுதான். பிற்காலத்து இசை நூல்கள் இந்த இராகங்களின் இலக்கணத்தைப் பேசுகின்றன. இங்கே இருப்பதோ இலக்கணம் அன்று, இசைத்துக் காட்டும் சுர வரிசைகளே. கடைப்பிடித்துப் பாடுவதற்கும் மீட்டுவதற்கும் உரிய சுரக்குறிப்பாக இவ்வளவு பழைமையும் இவ்வளவு நீளமும் கொண்ட மற்றொன்றைக் காண்பது அரிது.

வரிகளைப் பார்த்தால் ஒரு பெரிய கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டம் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடையே இடைவெளி. ஒரு வரிக்கு 16 கூட்டங்கள், ஆக 64 எழுத்துகள். வெட்டியவர் வரிக்குக் கோடு பிடித்து, கூட்டத்துக்கு இடம் அளந்து வேலை செய்திருக்கிறார். இதில் வியப்பான ஒன்று, சுரங்களின் உயிரெழுத்து. இன்று நாம் ஸ, ரி, க, ம, ப, த, நி என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே ஒலியைத்தான் வைத்திருக்கிறோம். இங்கே ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்ற நான்கு உயிர்களோடும் வருகிறது: ர, ரி, ரு, ரெ, ஸ, ஸி, ஸு, ஸெ. போதாக்குறைக்குச் சில எழுத்துகளின் தலையில் புள்ளி. இந்த நான்கு உயிர்களும் சுருதியின் நுண்வேறுபாடுகளைக் குறிக்கின்றனவா, தந்தியை மீட்டும் விரலின் போக்கைக் குறிக்கின்றனவா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பகுதித் தலைப்புகளில் வரும் 'சதுஷ்பிரஹார' என்ற சொல்லுக்கு 'நான்கு தட்டுகள்' என்று பொருள். அது மீட்டல் பக்கமே சாய்வதாக எனக்குப் பட்டது.

என் கருத்தைவிட அக்கா செய்த காரியம் உருப்படியானது. எழுத்துகளின் அச்சுப் படியைக் கையில் வைத்துக்கொண்டு, பாறையில் ஒரு கூட்டத்தை விரலால் குறித்து, தம் தொடையில் வீணை இருப்பது போல வலது கை விரல்களால் மீட்டத் தொடங்கினார். ஒரு கூட்டம், அடுத்தது, மறுபடி முதல் கூட்டம். சற்று நேரம் கழித்துத் தலையை ஆட்டினார்.

"இது கச்சேரிக்கு எழுதினது இல்லை, தம்பி. வரிசைப் பாடம். ஒரே சுரத்துல முடியுது பாரு, ஒவ்வொரு கூட்டமும். பிள்ளைங்க கை படியறதுக்கு நானும் இப்படித்தான் எழுதித் தருவேன்."

அவர் சொன்ன பிறகு பார்த்தேன். ஒரு பகுதிக்குள் அடுத்தடுத்து வரும் கூட்டங்களின் கடைசி எழுத்து ஒரே சுரமாக நிற்பது, கிரந்தம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் எனக்கே புரிந்தது. கல்வெட்டின் இறுதி வாசகமும் அக்காவின் பக்கமே நிற்கிறது. உருத்திராசாரியரின் மாணாக்கரும் பரம மாகேசுவரரும், அதாவது தீவிர சிவபக்தருமான ஓர் அரசர், மாணாக்கர்களின் நன்மைக்காக இந்தச் சுரங்களை அமைத்தார் என்பது அதன் பொருள். வென்ற நாடுகளோ கொடுத்த நிலமோ விட்ட ஆடுகளோ இதில் இல்லை. ஓர் ஆசிரியருக்குத் தாம் மாணவர் என்று தொடங்கி, அடுத்த மாணவர்களுக்காக என்று முடிக்கிறார் அந்த அரசர். நடுவில் தம் பெயரைச் சொல்லவே மறந்துவிட்டார்.

அந்தப் பெயர் இல்லாததுதான் நூறாண்டுச் சர்ச்சை. 1904-இல் இக்கல்வெட்டு அறிஞர் பார்வைக்கு வந்து, சில ஆண்டுகளில் பி. ஆர். பண்டார்க்கர் அதைப் பதிப்பித்த காலத்திலிருந்து, அந்த அரசர் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனே என்ற கருத்து பரவியது. அவனுக்குச் சங்கீர்ணஜாதி என்ற இசை சார்ந்த பட்டப்பெயர் இருந்தது. அவன் கலைகளில் தோய்ந்தவன். காலமும் ஏறத்தாழப் பொருந்துகிறது. பாடப்புத்தகங்கள் இதை முடிந்த முடிவாகவே சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விசித்திரசித்தன், மத்தவிலாசன் என்று தன் பட்டங்களைக் குடைவரைத் தூண்களில் விடாமல் வெட்டிவைத்தவன் மகேந்திரன். தான் மிகவும் பெருமைப்பட வேண்டிய ஒரு படைப்பின் அடியில் மட்டும் அவன் அடக்கம் காத்தான் என்று நம்புவது கடினம். மேலும் காவிரிக்குத் தெற்கே இவ்வளவு தொலைவில் அவனுடைய ஆட்சி நிலைத்திருந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. பாண்டியரும் அவர்களைச் சார்ந்த சிற்றரசர்களும் உலவிய நிலம் இது. இக்காரணங்களால் அண்மைக்கால ஆய்வாளர் பலர் மகேந்திரனை விட்டு விலகிவிட்டார்கள். பெயர் தெரியாத அரசராகவே அவரை இருக்கவிடுவது அவருக்கும் பிடித்திருக்கும்.

கடைசியில் ஒரு தமிழ் வாசகம் இருக்கிறது: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". முழுக்க வடமொழியில் போய்க்கொண்டிருந்த பாடத்தின் அடியில் சட்டென்று தமிழில் ஒரு குறிப்பு. எட்டு எது, ஏழு எது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு; எட்டு நரம்பு யாழுக்கும் ஏழு நரம்பு யாழுக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்பது அவற்றுள் ஒன்று. அந்த விளக்கத்துக்கு வலுச்சேர்ப்பது போல அருகிலேயே 'பரிவாதினி' என்ற சொல் வெட்டப்பட்டிருக்கிறது. ஏழு நரம்புகள் கொண்ட வீணைக்குப் பரிவாதினி என்று பெயர் என அமரகோசம் என்ற வடமொழி நிகண்டு சொல்கிறது. ஆக, பாடத்தை வடமொழியில் எழுதிவிட்டு, "இது இந்தக் கருவிக்கும் ஆகும், அந்தக் கருவிக்கும் ஆகும்" என்பதை மட்டும் யாரோ தமிழில் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் புத்தகம் ஆங்கிலத்திலும் வாத்தியாரின் விளக்கம் தமிழிலும் நடக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை போலும்.

கல்வெட்டுக்கும் குகைக்கும் இடையே வலம்புரி விநாயகர் ஒருவர் பாறையில் புடைப்பாக அமர்ந்திருக்கிறார். பாடம் தொடங்கும் முன் கும்பிடுவதற்கு வசதியான இடம். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்த வேண்டும் என்று குருக்கள் வந்து சொல்லும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை.

மாலையில் மலையைச் சுற்றி நடந்தோம். உயரே பாறைச் சரிவில் காளைமேல் அமர்ந்த சிவபெருமானும் அம்மையும் நடுவிலிருக்க, அறுபத்து மூன்று நாயன்மார்களும் இருபுறமும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கீழேயிருந்து பார்க்க, வரப்பில் உட்கார்ந்து பேசும் ஊர்ப் பெரியவர்களைப் போல இருந்தார்கள். கோயிலில் மொத்தம் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. 1929-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டபோது இவையும் அதில் சேர்ந்தன. அந்தச் சமஸ்தானத்துக்கே இந்தக் கோயிலோடு ஓர் உறவு உண்டு. விஜயரகுநாதராயத் தொண்டைமான் 1730-இல் முடிசூட்டிக்கொண்டது இந்த ஊரில்தான். படியெடுத்து அச்சிட்ட அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும். வேறோர் ஊரில், திருப்பணி என்ற பெயரில் சுவருக்கு மணல் வீச்சு அடித்து, அதிட்டானம் எனும் அடித்தளத்து எழுத்துகள் தேய்ந்துபோனதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அந்த எழுத்துகளின் வாசகம் இன்று தாளில் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள்

நேற்று இரவு அக்கா ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் ஒரே ஊரிலா இருந்திருப்பார்கள்? அதற்கு விடைபோல இரண்டு ஊர்கள் புதுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கின்றன. பரிவாதினி என்ற சொல் குடுமியான்மலையோடு நின்றுவிடவில்லை. மலையக்கோயிலிலும் திருமயத்திலும் இருக்கிறது. இன்று வாடகைக்கு ஒரு வண்டி பிடித்து இரண்டையும் பார்த்துவிட்டோம்.

மலையக்கோயில், நச்சாந்துபட்டிக்கு அருகில் உள்ள சிற்றூர். மலைமேல் முருகன், கீழே பாறையைக் குடைந்த சிவன் சன்னதிகள் இரண்டு. இங்கேயும் ஒரு வலம்புரி விநாயகர், அவருக்குப் பக்கத்தில் 'பரிவாதினிதா' என்ற எழுத்து. குடுமியான்மலையில் பார்த்த அதே ஏற்பாடு. அங்கே 38 வரிப் பாடம். இங்கே தலைப்பு மாத்திரம் எழுதிவிட்டுப் பலகையை அப்படியே விட்டதைப் போல இருந்தது. அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

திருமயம் கதை வேறு. புதுக்கோட்டையிலிருந்து தெற்கே செல்பவர்களுக்குக் கோட்டை தெரியும். அந்தக் கோட்டைக் குன்றின் தெற்கு அடிவாரத்தில் சிவனும் பெருமாளும் அடுத்தடுத்த குடைவரைகளில் இருக்கிறார்கள். திருமங்கையாழ்வார் திருமெய்யம் என்று பாடிய தலம் இது. பெருமாள் குகையில், மலையிலேயே படுத்திருக்கும் திருமாலின் மிகப் பெரிய உருவம். அவரைச் சுற்றி தேவர்களும் முனிவர்களும், காலடியில் அஞ்சி ஓடும் மது கைடபர்களும். சத்தியகிரீசுவரர் குகையில், தீப்பிழம்பின் நடுவே தோன்றும் இலிங்கோத்பவர். இரண்டும் நெடுநேரம் பார்க்க வேண்டியவை. நாங்கள் இன்று சிவன் குகையின் ஒரு சுவரைப் பார்க்க வந்திருந்தோம்.

இரண்டு கோயில்களும் ஒரே குன்றில் இருந்ததால் வருமானத்தையும் இடத்தையும் பற்றி ஓயாத வழக்கு. 1245-இல் போசள (ஹொய்சள) அரசின் படைத்தலைவரான தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் பெரியோர் கூடி வழக்கைத் தீர்த்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவு செய்தார்கள். அந்த உடன்படிக்கையைக் கல்லில் வெட்ட வேண்டும், நீளமான வாசகம், சமதளமாகச் செதுக்கிய பெரிய சுவர் வேண்டும். குகைக்குள் அப்படி ஒரு சுவர் இருந்தது. அதில் ஏற்கெனவே ஏதோ பழைய எழுத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதைப் படிக்கக்கூடியவர் அங்கே இருந்தாரா என்று சொல்ல முடியாது. இருந்திருந்தாலும் வழக்கு அவரைவிடப் பெரிது. பழைய எழுத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அதன்மேல் உடன்படிக்கையை வெட்டினார்கள்.

செதுக்கித் தள்ளியது இசைக் கல்வெட்டு. குடுமியான்மலையில் இருப்பதைப் போன்ற ஒரு பெரிய பாடம் இங்கேயும் இருந்தது என்பதற்கு, உளி எட்டாமல் விட்ட ஓரங்கள்தாம் சாட்சி. அந்தத் துண்டுகளில் பரிவாதினி என்ற சொல் இருக்கிறது; காந்தாரம், தைவதம் என்று சுரப் பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குடுமியான்மலைப் பாறை தப்பியதற்கு யாருடைய கலையுணர்வும் காரணமாக இருந்திருக்காது என்று எனக்கு இங்கே நின்றபோது தோன்றியது. அந்த ஊரில் வெட்டிவைத்தே தீரவேண்டிய வழக்கு எதுவும் அந்தப் பாறையைத் தேடி வரவில்லை, அவ்வளவுதான். மூலத்தானம் கட்டியபின் கொடையாளர்கள் எல்லோரும் தங்கள் பொன்னையும் நிலத்தையும் புதிய கோயிலின் சுவர்களில் பதிந்துகொண்டார்கள். மேலைக்கோயில் பின்னால் ஒதுங்கிவிட்டது. ஒதுங்கியதால் பாறையும் பிழைத்தது. உடன்படிக்கை எழுதியவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே குன்றில் அடித்துக்கொண்டிருந்த இரு தரப்பும் சமாதானமாவது சின்ன விஷயம் இல்லை. அந்த வாசகம் வரலாற்று மாணவனுக்குப் பொக்கிஷம். ஆனால் அக்காவிடம் இதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

குகைக்குள் வெயில் வராது. நேற்றுக் கற்ற பாடத்தை வைத்து, கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டி, கிட்டத்தட்டப் படுக்கவைத்து அடித்தேன். ஒளி உரசிக்கொண்டு போனதும், உளித் தழும்புகளுக்கு அப்பால் ஓரத்தில் எழுத்துகள் மெல்ல எழுந்தன. அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகத் தம் நோட்டில் வரையத் தொடங்கினார். "காந்தா..." என்று வாய்க்குள் முணுமுணுத்தார். நடை சாத்தும் நேரமாகிவிட்டது. வாசலில் குருக்கள் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"சாமி, இன்னும் ரெண்டு எழுத்து" என்றார் அக்கா, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குருக்கள் உள்ளே எட்டிப் பார்த்தார். "எழுதிண்டு வாங்கோம்மா, ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்தார். நான் விளக்கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.